உயில்ல இருக்கற அந்தப் பேரு: பழைய மெட்ராஸ் குடும்பத்தோட வம்சத்த தேடுறது எப்படி

எங்க அம்மா பெரம்பூர் ரயில்வே காலனில வளந்தவங்க, ஆங்கிலோ இந்தியன் குடும்பம், அப்பா தமிழ். அம்மாவோட அம்மா, அதாவது எங்க பாட்டி, "நம்ம வம்சத்துல முதல் ஆளு கம்பெனி பட்டாளத்துல வேலை பாத்த தொர"ன்னு பெருமையா சொல்லுவாங்க. சரி, அந்த தொர யாரைக் கல்யாணம் பண்ணாரு பாட்டின்னு கேட்டா மட்டும் டீ வேணுமான்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் நாலு வருஷம் தேடினேன். தொரய பத்தி சர்ச் ரெஜிஸ்டர்லயே கிடைச்சிடுச்சு, ஆனா அந்தம்மாவ பத்தி ஒரே ஒரு இடத்துலதான் கிடைச்சுது, அவரு எழுதி வெச்ச உயில்ல. அதனால இந்த மாதிரி குடும்பம் இருக்கறவங்க, இல்ல சும்மா பழைய மெட்ராஸ் குடும்பம் ஒண்ண பத்தி ஆராய்ச்சி பண்றவங்க, உயில்ல ஆரம்பிங்கன்னு சொல்றதுக்குத்தான் இத எழுதறேன்.

ஏன் உயில்? அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டப்படி கல்யாணம் ஆகாம பொறந்த புள்ளைக்கு அப்பா சொத்துல ஒரு பைசா உரிமை கிடையாது. உயில்ல பொதுவா "என் பிள்ளைகளுக்கு"ன்னு எழுதினாக்கூட கோர்ட்டு அத கல்யாணத்துல பொறந்த பிள்ளைங்கன்னுதான் எடுத்துக்கும், அதனால நம்ம ஊர் பொண்ணு கூட வாழ்ந்த ஒரு தொர தன் குழந்தைக்கு ஏதாவது விட்டுட்டு போகணும்னா அந்த குழந்தையோட பேரைச் சொல்லி, இன்னாருக்குப் பொறந்ததுன்னு அடையாளம் சொல்லி எழுதறதுதான் பத்திரமான வழி. சர்ச் ஞானஸ்நான பதிவுல அம்மா பேரு இருக்கற இடம் பல தடவ காலியா இருக்கும், இல்ல "உள்ளூர் பெண்"னு ஒரே வார்த்தைல முடிச்சிருப்பாங்க. 1791-ல அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்தியரா இருந்தாலும் கிழக்கிந்தியக் கம்பெனியோட பெரிய வேலைங்களுக்கு எடுக்க மாட்டோம்னு தடை போட்டுட்டாங்க, அதுக்கு அப்புறம் அம்மா யாருன்னு மறைக்கறதுக்கு இன்னும் ஒரு காரணம் சேந்துடுச்சு. பையனோட வேலைக்காக மறைச்ச பேர, சாகப்போற நேரத்துல சொத்துக்காக எழுதி வெச்சாங்க. நமக்கு வேண்டியது அந்தப் பேருதான்.

முதல்ல வீட்டுல இருந்து ஆரம்பிங்க. பைபிளோட முதல் பக்கத்துல பொறந்த தேதி எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்க, பழைய போட்டோ பின்னாடி ஸ்டூடியோ பேரு இருக்கும், ரயில்வே சர்வீஸ் பேப்பர், பென்ஷன் பேப்பர், சர்ச் சர்டிபிகேட், எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. பெரியவங்ககிட்ட பேசும்போது "நம்ம முன்னோர் யாரு"ன்னு பெருசா கேக்காதீங்க, "நீங்க சின்ன வயசுல எந்த கல்லறைக்கு பூ வெக்க போவீங்க"ன்னு கேளுங்க, பதில் தானா வரும். நமக்கு தேவை ஒரு ஆளோட பேரும் செத்த வருஷமும்தான். பொறந்த தேதி இருந்தா நல்லதுதான், ஆனா உயில தேடறதுக்கு சாவு தேதிதான் சாவி.

அந்த தேதிக்கு எங்க போறது? மெட்ராஸ் மாகாணத்துல இருந்த சர்ச்சுங்க ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் காப்பி எடுத்து லண்டனுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க, அது இப்போ பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல என்/2-ன்னு ஒரு வரிசைல இருக்கு, 1698-ல இருந்து ஆரம்பிக்குது. பெங்கால்னா என்/1, பாம்பேன்னா என்/3, மாத்தி தேடிடாதீங்க. இதோட ஸ்கேன் ஃபைண்ட்மைபாஸ்ட் சைட்டுல காசு கட்டினா பாக்கலாம், ஃபேமிலிசர்ச்ல இன்டெக்ஸ் ஃப்ரீயா கிடைக்கும், ஃபிபிஸ்னு இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்காகவே ஒரு சங்கம் இருக்கு, அவங்க டேட்டாபேஸ்ல தேடறதும் ஃப்ரீ. கத்தோலிக்க குடும்பம்னா ஆரம்ப காலத்து பதிவு இந்த லண்டன் காப்பில நிறைய இருக்காது, நேரா அந்தந்த பங்கு கோயில்ல கேக்கறதுதான் சரி.

கல்லறையும் போய் பாருங்க, நெட்ல பாத்தா போதும்னு விட்டுடாதீங்க. கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரிஸ் சர்ச் 1680-ல கட்டினது, சுத்தி தரை பூரா கல்லறைக் கல்லுதான், ஆனா அந்தக் கல்லுங்க மொதல்ல இருந்த இடம் அது இல்ல. பழைய இடுகாடு இப்போ ஹைகோர்ட்டும் லா காலேஜும் இருக்கற பக்கம் இருந்துச்சு, 1758-59 முற்றுகைல பிரெஞ்சுக்காரங்க அந்த சமாதிங்க பின்னாடி மறைஞ்சு நின்னு சண்டை போட்டதால அதுக்கப்புறம் எல்லாத்தையும் இடிச்சிட்டு கல்ல மட்டும் சர்ச்சுக்கு கொண்டு வந்துட்டாங்க. பின்னாடி ஐலண்ட் (தீவுத்திடல்) பக்கத்துல ஒரு இடுகாடு, அப்புறம் கீழ்ப்பாக்கம், காசிமேடுன்னு போகும். ஜூலியன் காட்டன் 1905-ல மெட்ராஸ் மாகாணத்து கல்லறை வாசகங்கள தொகுத்து போட்ட புத்தகம் ஸ்கேனா நெட்ல கிடைக்குது, இப்போ கல்லே அழிஞ்சு போன நிறைய பேரோட வாசகம் அதுல மட்டும்தான் இருக்கு.

ஹைகோர்ட் வளாகத்துல இடிக்காம விட்ட ஒரு சமாதி இன்னும் நிக்குது, கூம்பு மாதிரி உயரமா இருக்கும், அத ஒரு தடவ நின்னு பாத்துட்டு வாங்க, ஏன்னா வம்சாவளி எப்படி படிக்கணும்ங்கறத அது ஒண்ணே கத்துக் குடுக்கும். அதுல ஜோசப் ஹின்மர்ஸ்னு கோட்டை கவுன்சில்ல இருந்த ஒருத்தரும் டேவிட் யேல்னு ஒரு சின்னப் பையனும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் வேற வேற சர்நேம், ரத்த சொந்தமும் கிடையாது, அப்புறம் ஏன் ஒரே சமாதி? ஹின்மர்ஸ் 1680-ல செத்தாரு, அவரு மனைவி கேத்தரின் அதே வருஷம் நவம்பர்ல எலிஹு யேல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, செயின்ட் மேரிஸ் ரெஜிஸ்டர்ல பதிவான முதல் கல்யாணம் அதுதான், டேவிட் அவங்க ரெண்டு பேரோட பையன். அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டின்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான அதே யேல்தான். முதல் புருஷனையும் ரெண்டாவது கல்யாணத்து பையனையும் ஒண்ணா சேக்கற ஒரே நூல் கேத்தரின், ஆனா அவங்க அந்த சமாதில இல்ல. ஆம்பளைங்க சர்நேம மட்டும் புடிச்சிட்டு போனா இந்த மாதிரி எத்தனையோ முடிச்சு அவிழவே அவிழாது. மெட்ராஸ்ல ஆம்பளைங்க சீக்கிரம் செத்தாங்க, விதவைங்க சீக்கிரம் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அதனால ஒவ்வொரு பொண்ணுக்கும் ரெண்டு மூணு சர்நேம் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே தேடுங்க.

இப்போ உயிலுக்கு வருவோம். உயில கோர்ட்டுல குடுத்து இது உண்மையான உயில்தான்னு ஒப்புதல் வாங்கறதுக்கு பேரு புரொபேட். எந்த கோர்ட்டுங்கறது வருஷத்த பொறுத்து மாறும். 1726 சாசனத்துக்கு அப்புறம் மேயர்ஸ் கோர்ட், 1798-ல இருந்து ரெக்கார்டர்ஸ் கோர்ட், 1801-ல இருந்து சுப்ரீம் கோர்ட் (இது மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட், டெல்லில இருக்கறது இல்ல), 1862-ல இருந்து ஹைகோர்ட். உங்க ஆளு 1823-ல செத்திருந்தா ஹைகோர்ட் இன்டெக்ஸ்ல தேடி பிரயோஜனமில்ல, அப்போ ஹைகோர்ட்டே கிடையாது.

இந்த உயிலுங்களுக்கும் லண்டனுக்கு காப்பி போயிருக்கு, எல்/ஏஜி/34/29-ங்கற நம்பர்ல இருக்கு, மூணு மாகாணத்துதும் ஒரே வரிசைல இருக்கறதால மெட்ராஸ் வால்யூமான்னு பாத்து எடுங்க. இதுவும் ஃபைண்ட்மைபாஸ்ட்ல வந்திருக்கு. சென்னைல எக்மோர் ஸ்டேஷன் எதிர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல மேயர்ஸ் கோர்ட் காலத்து நடவடிக்கை குறிப்புங்க இருக்கு, அதுல கொஞ்சம் புத்தகமாவே அச்சுப் போட்டிருக்காங்க. போகும்போது ஐடி ப்ரூஃப், என்ன விஷயத்துக்காக தேடுறீங்கன்னு எழுதின ஒரு லெட்டர், பென்சில், கூடவே நிறைய பொறுமை எடுத்துட்டு போங்க. ஒரு ஆபீஸ்ல எனக்கு ரெண்டு தடவ "அந்த வால்யூமே இல்ல"ன்னு சொல்லிட்டாங்க, மூணாவது தடவ போனப்ப வேற ஒருத்தர் பத்து நிமிஷத்துல எடுத்து குடுத்தாரு, அதனால இல்லன்னு ஒருத்தர் சொன்னா அதோட விட்றாதீங்க.

இங்கிலாந்துலயும் சொத்து இருந்தா அங்கயும் ஒரு புரொபேட் நடந்திருக்கும். 1858-க்கு முன்னாடி பெரும்பாலும் கேன்டர்பரி ப்ரிராகேட்டிவ் கோர்ட், அந்த உயிலுங்க லண்டன்ல க்யூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ப்ராப் 11-ங்கற வரிசைல இருக்கு, பேர் போட்டு ஆன்லைன்ல தேடலாம். ஸ்காட்லாந்துக்காரரா இருந்தா ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் சைட்ட பாருங்க. பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பம்னா எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ்ல இருக்கற பிரெஞ்சு கடல்கடந்த ஆவணக் காப்பகம் பொறப்பு இறப்பு பதிவ ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா போட்டிருக்கு. தரங்கம்பாடின்னா டேனிஷ்காரங்க ஊரு, அதனால கோபன்ஹேகன் ஆவணக் காப்பகம், பழவேற்காடு நாகப்பட்டினம்னா டச்சுக்காரங்க, அதனால ஹேக்.

உயில் கையில கிடைச்சதும் நேரா "யாருக்கு எவ்வளவு"ன்னு தாவாதீங்க. மொத வேலை, முழுசையும் வார்த்தை விடாம டைப் பண்ணுங்க, புரியாத இடத்துல கேள்விக்குறி போட்டுட்டு மேல போங்க, ரெண்டாவது பக்கம் வரும்போது அந்த குமாஸ்தாவோட கையெழுத்து பழகிடும், அப்போ திரும்பி வந்தா பாதி தானா தெரியும். எஸ் எழுத்து எஃப் மாதிரி நீளமா இருக்கும். தேதில கவனம் வேணும், 1752-க்கு முன்னாடி அவங்களுக்கு புது வருஷம் மார்ச் 25-லதான் பொறக்கும், அதனால 1720 பிப்ரவரின்னு எழுதியிருந்தா நம்ம கணக்குல அது 1721. காசு 1818 வரைக்கும் வராகன் கணக்கு, ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு, ரூபாய்க்கு மாத்தும்போது ஒரு வராகன் மூன்றரை ரூபாய். "நேச்சுரல் சன்", "நேச்சுரல் டாட்டர்"னு வந்தா கல்யாணம் இல்லாம பொறந்த புள்ளன்னு அர்த்தம். "ரெலிக்ட்"னா விதவை. எக்ஸிகியூட்டர்னா உயில்ல சொன்னத நிறைவேத்தற பொறுப்புல இருக்கறவரு, அது எக்ஸிகியூட்ரிக்ஸ்னு முடிஞ்சா பொம்பள. "மதர் இன் லா"ன்னு இருந்தா மாமியாராவும் இருக்கலாம், அப்பாவோட ரெண்டாவது மனைவியாவும் இருக்கலாம், அப்போ ரெண்டுக்கும் அதே வார்த்தைதான். "கஸின்"னு சொன்னா தங்கச்சி பையன கூட சொல்லுவாங்க. "ஹவுஸ்கீப்பர்"னு ஒரு பொண்ணுக்கு வீடும் மாசப் பணமும் விட்டிருந்தா, அவங்க வீட்டு வேலைக்காரின்னு முடிவு கட்டிடாதீங்க, அடுத்த வரில வர குழந்தைங்களோட வயச பாருங்க.

பேர படிக்கறதுலதான் தமிழ் தெரிஞ்ச நமக்கு ஒரு பெரிய பலம் இருக்கு, லண்டன்ல உக்காந்து டிரான்ஸ்கிரைப் பண்றவங்களுக்கு அது கிடையாது. அந்த குமாஸ்தாங்க காதுல விழுந்தத எழுதினாங்க. குறில் அகரத்துக்கு யூ போடுவாங்க, பண்டிதருக்கு இன்னிக்கும் ஆங்கிலத்துல யூ போட்டுத்தான எழுதறாங்க, அதே பழக்கம். உகரத்துக்கு டபுள் ஓ, ஈகாரத்துக்கு டபுள் ஈ, முத்துன்னு ஒரு பேர எம், டபுள் ஓ, டி, டபுள் ஓன்னு எழுதியிருப்பாங்க. ஊர்பேரும் அப்படித்தான், மார்மலாங்னா சைதாப்பேட்டை பாலம் பக்கம், பிளாக் டவுன்னா ஜார்ஜ் டவுன், சௌல்ட்ரி ப்ளெய்ன்னா மவுண்ட் ரோடு ஓரமா நுங்கம்பாக்கம் பக்கம் இருந்த வெட்டவெளி. எங்க குடும்ப உயில்ல அந்தம்மா பேரு ஒரு டேட்டாபேஸ்ல எந்த மொழின்னே புரியாத மாதிரி ஏறியிருந்துச்சு. ஸ்கேன பெருசு பண்ணி, ராத்திரி ஹால்ல உக்காந்து, அத வாய்விட்டு வாய்விட்டு படிச்சேன், கடைசில ரெண்டு எல் இருக்கறது "அம்மாள்"ல வர "ள்"னு பட்டதும் முன்பாதியும் அப்படியே உடைஞ்சு வந்துச்சு, சுத்தமான தமிழ்ப் பேரு, எங்க அப்பா வழி அத்தை ஒருத்தங்களுக்கும் அதே பேரு.

எழுதினவரோட சொந்தக்காரங்கள மட்டும் பாக்காதீங்க, எக்ஸிகியூட்டர் யாரு, சாட்சி யாரு, கடன் குடுத்த துபாஷ் (தொரைங்களுக்கு மொழிபெயர்ப்பும் வியாபாரமும் பாத்த உள்ளூர் ஆளு) யாரு எல்லாத்துக்கும் ஒரு தனி ஷீட் போடுங்க. சாட்சி கையெழுத்து போட்டவருக்கு உயில்ல ஏதாவது விட்டிருந்தா அது செல்லாதுன்னு 1925 இந்திய வாரிசுரிமை சட்டத்துல 67-வது பிரிவு சொல்லுது, அதனால அந்த சட்டப்படி எழுதின உயில்ல சாட்சி பெரும்பாலும் பங்கு இல்லாத வெளி ஆளா இருப்பாரு. எக்ஸிகியூட்டர் அப்படி இல்ல, நம்பிக்கையான நண்பரு. எங்க தொரயோட எக்ஸிகியூட்டர் அவரு கூட ஆர்ட்னன்ஸ்ல வேலை பாத்த இன்னொரு கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்ல, ஆயுதக் கிடங்குல அது ஒரு வாரண்ட் ஆபீஸர் பதவி), அஞ்சு வருஷம் கழிச்சு அந்த எக்ஸிகியூட்டரே தொரயோட பொண்ண கல்யாணம் பண்ணியிருக்காரு. அந்த பொண்ணுதான் எங்க வம்சம். கல்யாண ரெஜிஸ்டர மட்டும் பாத்திருந்தா அந்தப் பொண்ணு எங்கிருந்து வந்தான்னே தெரிஞ்சிருக்காது.

கூடப் பொறந்தவங்களுக்கு விட்ட சொத்துல பொண்ணுங்களோட புது சர்நேம் கிடைக்கும். கவர்னரா இருந்த ஜார்ஜ் பிகாட் 1777-ல இங்க காவல்லயே செத்தாரு, அவரோட பெரிய வைரம் ராபர்ட், ஹ்யூன்னு ரெண்டு தம்பிக்கும் மார்கரெட்ங்கற தங்கச்சிக்கும் பொதுவா போச்சு, அந்த தங்கச்சி அப்போ ஃபிஷர்னு ஒருத்தரோட மனைவி. மூணு பேருக்கு ஒரே கல்ல எப்படி வெட்டி குடுக்கறது, கடைசில பார்லிமென்ட்ல தனிச் சட்டம் வாங்கி 1801-ல லாட்டரில வித்தாங்க. ஒரு கல்லு மூணு குடும்பக் கிளைய காட்டிக் குடுத்துடுச்சு பாருங்க.

உயிலே இல்லன்னா? அதுக்கு லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது செத்தவரோட சொத்த நிர்வாகம் பண்ண கோர்ட்டு குடுக்கற அனுமதி, வாங்கியிருப்பாங்க, யாரு வாங்கினாங்கங்கறதே சொந்தம் சொல்லும். யாரும் வரலன்னா பழைய காலத்துல கோர்ட் ரிஜிஸ்ட்ராரும் அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலும் சொத்த எடுத்து வித்து கணக்கு எழுதினாங்க. இந்த சொத்து பட்டியலும் ஏலக் கணக்கும் எல்/ஏஜி/34/27-ல இருக்கு. படிச்சா அந்த வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி இருக்கும், எத்தன நாற்காலி, பல்லக்கு, கொசுவலைக் கட்டில், மடைரா ஒயின் பாட்டில், வெள்ளி ஸ்பூன் எத்தன, ஒவ்வொண்ணையும் யாரு என்ன விலைக்கு எடுத்தாங்கன்னு பேரோட. துணிமணியும் தொட்டிலும் யாரு வாங்கினாங்கன்னு கவனிங்க, பெரும்பாலும் தெரிஞ்ச வீட்டு ஆளா இருப்பாங்க.

இருபதாம் நூற்றாண்டு உயில்னா பதிவுத்துறைலயும் பாருங்க. 1908 பதிவுச் சட்டப்படி உயில் பதிவு மூணாம் புத்தகத்துல இருக்கும், எழுதினவரு உயிரோட இருக்கற வரைக்கும் அவருக்கும் அவரு ஏஜெண்டுக்கும் மட்டும்தான் நகல், செத்ததுக்கு அப்புறம் யாரு வேணா மனு குடுத்து வாங்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது, சார் பதிவாளர் ஆபீஸ்ல வாரிசு இல்லன்னா தரமாட்டோம்னு சொன்னா 57-வது பிரிவுன்னு பணிவா சொல்லுங்க.

நான் பண்ண ஒரு தப்ப சொல்லணும். ஒரே பேருல ரெண்டு பேரு, ரெண்டு பேரும் பட்டாளம், ரெண்டு பேரும் பல்லாவரம். ரெண்டையும் ஒரே ஆளுன்னு சேத்து ஒரு வருஷம் தப்பான கிளைல ஏறிட்டேன், சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சார்ட்டும் அனுப்பிட்டேன். உயில்ல ரெஜிமென்ட் வேற, பதவி வேறன்னு பாத்தப்பதான் புரிஞ்சுது. அதனால பேரு, செத்த தேதி, பதவி, இருந்த இடம், இந்த நாலுல மூணாவது ஒத்துப்போனாத்தான் மரத்துல ஏத்துங்க, அது வரைக்கும் பென்சில்ல வெச்சுக்கங்க.

எங்க தொர அந்தம்மாவுக்கு விட்டது வேப்பேரில ஒரு சின்ன வீடு, மாசம் 10 ரூபாய், ரெண்டு வெள்ளி டம்ளர், ஒரு கறவை மாடு கன்னுக்குட்டியோட. "பன்னெண்டு வருஷமா என்னைப் பாத்துக்கிட்ட"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்காரு. அவங்க பேர நான் இங்க எழுதல, எங்க குடும்பத்துல இன்னும் ரெண்டு மூணு பெரியவங்களுக்கு இது வெளில வர்றது சங்கடம், அவங்ககிட்ட கேக்காம போடறது முறையில்ல, நீங்களும் நெட்ல மரம் போடறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. ஆனா உயிலோட ஸ்கேன பெர்த்ல இருக்கற பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அவங்க இங்க இருந்து போய் அம்பது வருஷம் ஆச்சு, தமிழ் சுத்தமா மறந்து போச்சு. ரெண்டு நாள் ஒண்ணும் பதில் வரல. மூணாவது நாள் காலைல, அந்தப் பேர எப்படி சொல்லணும்னு மட்டும் கேட்டு மெசேஜ் போட்டிருந்தாங்க. வாய்ஸ் நோட்ல மெதுவா மூணு தடவ சொல்லி அனுப்பினேன், கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க குரல்ல அந்தப் பேரு திரும்பி வந்துச்சு, "ள்" மட்டும் சரியா வரல.